குதிரைப் பந்தய வாசலில் நின்ற சிலுவை

அண்ணன் கர்த்தருக்குள் துயில்கொண்டு வருஷம் ஒன்று நிறைகிறது. இன்றைய பூசை முடிந்து கோயில் வாசலில் இந்தச் சிறு நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் முதலில் ஓர் எச்சரிக்கை. இதை எழுதுகிறவன் அவருடைய தம்பி, டிராம் வண்டியில் டிக்கெட் கிழிக்கிறவன். குடும்பத்தில் எழுதத் தெரிந்த மற்றவர்கள் எல்லோரும் பேனாவைத் தொட்டதும் அழுதுவிட்டதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. "சிரிப்புக் காட்டுற மாதிரி எதுவும் எழுதிடாதீங்க தம்பி" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

அண்ணன் பிறந்தது சாந்தோமில், கடல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும் ஒரு சந்தில். அப்பா ஒரு துரை வீட்டில் பட்லர். அவர் காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. மேலே படிக்க இருந்த ஆசையை மடித்து வைத்துவிட்டு, கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எனக்குச் சட்டை தைத்த வருஷங்களில் அவர் தமக்குத் தைத்துக்கொண்டதில்லை. பூகோளம் அவருடைய பாடம். அவர் வகுப்பிலேயே நான் பூகோளத்தில் தோற்றேன். காவேரியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டவன் நான். பிரம்பை எடுத்தவர், நான் வரைந்த தேசப்படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க மாட்டாமல் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு டிராமில் வேலை கிடைத்த அன்று, "நல்லதாப் போச்சு. தண்டவாளம் போட்டு வச்சிருக்கான், நீ வழி தப்ப மாட்டே" என்றார்.

மலைத் திருவிழாவுக்குச் சாந்தோமிலிருந்து பரங்கிமலைக்கு நடந்துபோகும் கூட்டத்துக்கு அண்ணன்தான் வெகுகாலம் வழிகாட்டி. குப்பத்து மீன்காரப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், புதிதாக மாம்பலத்தில் குடியேறியவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். மயிலாப்பூரைக் கடந்து, சைதாப்பேட்டைப் பாலத்தில் அடையாற்றைத் தாண்டி, சின்னமலையில் இளைப்பாறி, பிறகு பெரிய மலைக்கு நடப்பது வழக்கம். அப்போஸ்தலர் தோமையார் ஒளிந்திருந்த குகை, அவர் வரவழைத்த ஊற்று என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று அண்ணன் கதை சொல்வார். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வழிகாட்டி தூக்கிப்போகும் சிலுவைக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. மலையடி சேரும் வரை, வழிகாட்டியைத் தவிர மற்றவர்கள் செபத்துக்கும் பாட்டுக்கும் மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். எனக்கு இரண்டாவது கட்டுப்பாடு எவ்வளவு பெரிய தவசு என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள்.

கடைசிக்கு முந்தின யாத்திரையில்தான் அது நடந்தது. அதற்கு முன்பே அண்ணன் தெருப் பையன்களை அவர்களுடைய அப்பன்மார் பெயரால் கூப்பிட ஆரம்பித்திருந்தார்; வயசு என்று சொல்லி நாங்கள் சமாதானப்பட்டுக்கொண்டோம். அன்று சின்னமலையை விட்டு இறங்கி, நேரே போக வேண்டிய பாதையில் அண்ணன் சிலுவையோடு இடதுபக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. முன்னால் ஓடி மறிக்கக் கூடாது, பேசவும் கூடாது. நான் பலமாக இருமிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. மாதா பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே நாங்கள் போய் நின்ற இடம் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் வாசல். அன்று பந்தய நாள் வேறு.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் முடித்த நேரத்தில், வாசல்காரன் கையை நீட்டி, "டிக்கெட் வாங்கிக்கினீங்களா?" என்றான். கோட்டுப் போட்ட ஒருவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் என் பக்கத்தில் வந்து காதோடு, "எந்தக் குதிரைக்கு நைனா வேண்டிக்கிறீங்கோ? நமக்கும் சொல்லக் கூடாதா?" என்றார்.

அண்ணன் வாசலையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பி, இது எந்த இடம்டா?" என்றார். பூகோள வாத்தியார் என்னிடம் கேட்டதில் எனக்கு விடை தெரிந்த முதல் கேள்வி அது. அதற்கும் நான் இருமத்தான் செய்தேன்.

குப்பத்துச் சவரியம்மாதான் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சிலுவைக்கு வழி வுடுங்கம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடுவில் பாதை விட்டது. அதுவும் யாத்திரையில் ஒரு சடங்கு போல எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அண்ணன் திரும்பி அந்த நடுவழியே போய் மறுபடியும் எல்லோருக்கும் முன்னால் ஆனார். நாங்கள் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

மலைப்படியின் கீழே, அண்ணனுக்குக் கேட்காது என்று நினைத்து நான் சவரியம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நீயாவது முன்னாலேயே கத்தியிருக்கக் கூடாதா?"

"திரும்பும்போதே தெரியும் தம்பி, எல்லாருக்கும்தான் தெரியும். கத்தினா வாத்தியாரு பயந்துக்குவாரு. அதான் கம்முனு பின்னாலயே வந்தோம். ரெண்டு எட்டு கூட நடந்தா காலு இன்னா தேஞ்சா பூடும்?"

அண்ணனிடம் போய் உட்கார்ந்து, "விடுண்ணே, தோமையாரும் ஒரு நாள் பந்தயம் பார்க்கட்டும்" என்றேன். நான் சொன்னதற்கெல்லாம் சிரித்த மனிதர் அன்று சிரிக்கவில்லை. அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

கடைசி மாதங்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. வேலையை விட்டு வெகுநாள் ஆன பிறகும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார். ஒரு நாள் லஸ் முனையில் என் வண்டியிலேயே ஏறினார். "எங்கே போகணும்?" என்றேன். "சாந்தோம். நீங்க இந்த வண்டிக்குப் புதுசா?" என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பிறகு படுக்கையாகி, அண்ணியின் கையைப் பிடித்தபடியே, கடைசி வேளைக்குரிய அவஸ்தைப்பூசுதல் பெற்று அமைதியாகப் போனார்.

ஆனால் அதற்கு முன்னே ஒரு யாத்திரை பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் நன்றி சொல்ல முடியாது.

திருவிழா நெருங்கியபோது கோயில் உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார். "பாலத்துல மோட்டார் வண்டியெல்லாம் பறக்குது. பிள்ளைகளை வச்சிக்கிட்டு விளையாட முடியாது. இந்த வருஷம் சிலுவையை நீர் எடும். அண்ணனிடம் நீரே சொல்லிவிடும்" என்றார். சொல்ல வேண்டியதைப் பல தினுசாக ஒத்திகை பார்த்தேன். எல்லாமே அவரிடமிருந்து சிலுவையைப் பிடுங்குவது போலத்தான் ஒலித்தன. யாத்திரை அன்று காலையில் போனபோது, அண்ணன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சிலுவையோடு தயாராக நின்றார். அண்ணி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, எனக்கு ஒரு நேர்ச்சை. இந்த வருஷம் நான் தூக்குறேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"உனக்கு என்னடா நேர்ச்சை?"

"பயணிங்க சில்லறையா எடுத்துட்டு வரணும்னு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலுவையை என் கையில் கொடுத்தார். "நெஞ்சோட சேர்த்துப் பிடி. தோளு வலிக்காது" என்றார்.

சிலுவை தூக்குகிறவன் திரும்பிப் பார்க்கலாகாது. எனக்குப் பின்னால் அவர் எப்படி வருகிறார் என்பதைக் காதால் மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன். பாலம் வரை அவருடைய செபக் குரல் தெளிவாக இருந்தது. பிறகு தடுமாறியது. சின்னமலையை விட்டு இறங்கும்போது, கட்டுப்பாட்டை விதித்தவரே அதை மீறி உரக்கக் கேட்டார்:

"முன்னாலே போறது யாரும்மா?"

"உங்க தம்பிதான் வாத்தியாரே" என்றாள் சவரியம்மா.

"அவனா? அவனுக்கு வழியே தெரியாதே!"

கூட்டம் முழுவதும் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அண்ணனின் குரல் மறுபடியும் கேட்டது. இம்முறை தணிந்து, வகுப்பில் பக்கத்துப் பையனுக்குச் சொல்வது போல.

"தப்பாப் போனாலும் கத்திடாதீங்க. பின்னாலேயே போங்க. பயந்துக்குவான்."

என் இரண்டு கைகளும் சிலுவையில் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதிப்படவில்லை. அப்படியே நடந்தேன்.

அண்ணனுக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கும், வேளை தவறாமல் வந்து நன்மை அப்பம் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், தெருவில் நின்றவரைப் பல முறை வீடு கொண்டுவந்து சேர்த்த ரிக்‌ஷாக்காரர்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தவறான வழி என்று தெரிந்தும், அண்ணனைத் தனியே போகவிடாமல் பந்தய வாசல் வரை பாடிக்கொண்டே கூட நடந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் எல்லோருடைய காலையும் தொட்டுக் கும்பிடுகிறேன்.