பச்சை பிடித்த பெட்ரோல் டேப்

அருள்பாண்டிக்குக் கோட்டையூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பகலெல்லாம் பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவார். வீட்டுக்கு வந்தால் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தனக்கென்று ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டிக்கொண்டிருந்தார், அந்தக்கால வண்டிகளின் சாயலில். பழைய இரும்புக்குப் போக இருந்த எஞ்சினை நாட்டரசன்கோட்டையில் வாங்கினார். சக்கரங்களும் விலைக்கு வாங்கியவை. மற்றதெல்லாம் அவர் கைவேலை. எல்லாம் நன்றாக வந்தன என்று சொல்லிவிட முடியாது. டேங்க் இடது பக்கம் வீங்கியிருக்கும். மட்கார்டு சக்கரத்தோடு கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் மட்டும் வேறு. பித்தளைத் துண்டில் கடைந்தது. திருகும் குமிழையும் அது உட்காரும் குழியையும் அரைப்புப் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தார். வாஷர் இல்லாமலே ஒரு சொட்டுக் கசியாது. வண்டியைக் கிளப்பி, மனைவி சத்தியப்பிரியாவைப் பின்னால் ஏற்றிக் காளையார்கோவில் வரை போய்வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சத்தியப்பிரியாவின் தம்பி முத்தரசு காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவன். ஒருநாள் வந்தான், வண்டியைச் சுற்றி நடந்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மச்சான். பித்தளை இப்படிப் பளபளன்னு இருந்தா எவன் மதிப்பான்?"

"நான் ஓட்டப்போற வண்டிய எவன் மதிச்சா என்ன மாப்ள?"

"ஒரு ஓட்டல்காரர் வாசல் ஹால்ல நிறுத்த இந்த மாதிரி வண்டி தேடுறாரு. ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டியாரேன். சும்மா காட்டுங்க."

"சிங்காரிச்சுக் காட்டுறதுக்கு இது என்ன பொண்ணா?"

முத்தரசு சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்து வந்த வாரங்களில் பட்டறையில் வேலை அதிகம். ஒரு சனிக்கிழமைதான் அருள்பாண்டி மறுபடி கொட்டகைக்குள் போனார். டேப்பைக் காணவில்லை.

"தம்பிதான் பாலிஷ் போடணும்னு எடுத்துட்டுப் போனான். நீங்க சொல்லிவிட்டீகன்னான்" என்றாள் சத்தியப்பிரியா.

அருள்பாண்டிக்கு அது என்ன பாலிஷ் என்று தெரியும். முத்தரசு கடையின் முன்பக்கம் ஊதுபத்தி மணக்கும். பின்பக்கம் ஒரு குழி. உப்பு, புளிக்கரைசல், மாட்டு மூத்திரம், ஈரமண். புதிதாக வார்த்த மணியும் விளக்கும் அதற்குள் ஊறிக் கிடந்து, ஒரு நூற்றாண்டு வயதேறி வெளியே வரும். மூக்கைப் பொத்தாமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது. அதிலிருந்து எடுத்துக் கழுவிய விளக்கைத்தான் வாங்குகிறவர்கள் பூஜை அறையில் வைக்கிறார்கள்.

செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் கூடவே இருப்பது ஆணவ மலம் என்னும் அழுக்கு, இடையில் யாரும் பூசியதல்ல என்று சைவ சித்தாந்திகள் சொல்வார்கள். கூலி கொடுத்துக் களிம்பு பூசும் கடை ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அருள்பாண்டி காரைக்குடிக்குப் போய், அந்தக் குழிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி டேப்பை எடுத்தார். பச்சை பிடித்திருந்தது. குமிழைக் கழற்றி நகத்தால் தடவினார். தேய்த்து வழவழப்பாக்கிய இடமெல்லாம் அம்மைத் தழும்பாகச் சொரசொரத்தது.

"அப்பச்சி காலத்துப் பொருள் மாதிரி ஆகிப்போச்சு பாத்தீகளா" என்றான் முத்தரசு.

"இது பெட்ரோலைப் பிடிக்கணும்டா."

"பிடிக்காட்டி என்ன? ஓட்டல் ஹால்ல பெட்ரோலா ஊத்தப்போறாக?"

மறுநாள் காலையில் ஒரு நப்பாசையில் அதையே பொருத்திப் பார்த்தார். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதும் தரையில் சொட்டத் தொடங்கியது. அந்த நேரத்தில் முத்தரசு ஓட்டல்காரரோடு வந்து நின்றான். அந்த மனிதர் சொட்டுவதைப் பார்க்கவில்லை. பச்சையை விரலால் வருடினார்.

"எந்தக் காலத்தது?"

"ஆச்சி வீட்டு வண்டி சார். கப்பல்ல வந்தது" என்றான் முத்தரசு.

"போன மாசம் நான் கடைஞ்சது" என்றார் அருள்பாண்டி.

ஓட்டல்காரர் விரலை இழுத்துக்கொண்டார். "அப்ப டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் என்றால் அதற்கு முன்னால் ஒரு அசல் இருந்தாக வேண்டும். அந்த டேப்புக்கு அப்படி எதுவும் இல்லை. அருள்பாண்டி இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. டேப்பைக் கழற்றிக் கழிவு டின்னில் எறிந்தார். "வண்டி விக்கிறதுக்கு இல்ல" என்றார். அவர்கள் போனபிறகு கையைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினார். நாற்றம் லேசில் போகவில்லை.

புதிய டேப் கடைந்து தேய்த்து முடிக்கத் தை பிறந்துவிட்டது. இருவரும் காளையார்கோவில் போய்த் திரும்பும்போது, தம்பியை எட்டிப் பார்க்கலாம் என்றாள் சத்தியப்பிரியா. முத்தரசு கடை வாசலுக்கே வந்தான்.

"மச்சான், நீங்க குப்பையில போட்டீகளே, அந்த டேப்ப நான் எடுத்து வச்சிருந்தேன், வித்துப்போச்சு. வேற ஒரு ஓட்டல்காரரு. ஒரிஜினல்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காரு."

அருள்பாண்டி சாலையோரம் காறித் துப்பினார். பிறகு குனிந்து டேங்குக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தார். ஈரமில்லை.

"உள்ள வந்து காபி சாப்பிட்டுப் போங்க" என்றான் முத்தரசு.

சத்தியப்பிரியா வண்டியிலிருந்து இறங்கவில்லை. "டம்ளரை எந்தக் குழியில இருந்துடா எடுத்த?" என்றாள்.