பெரிய அண்ணியின் கொட்டகைக்கு வந்த டாக்டர்

என் பெரிய அண்ணிக்கு வயிற்றெரிச்சல் மூச்சு விடுவது மாதிரி. சின்ன அண்ணிக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட, "அவளைத்தான் எல்லாரும் விசாரிக்கிறாங்க" என்று மூக்கைச் சிந்துவாள். நாத்தனார் சொல்வதால் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம், குறைத்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன்மார் இருவருக்கும் அடுத்தடுத்த தெருவில் பன்றிக் கொட்டகை. பெரிய அண்ணி வேலையில் கில்லாடி. தடுப்பூசியைத் தள்ளிப் போட மாட்டாள், கால் கழுவாமல் யாரையும் உள்ளே விட மாட்டாள். சின்ன அண்ணி 'பார்த்துக்கலாம்' ரகம். பன்றிகளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்த வருஷம் அவள் கொட்டகையே காலியானது. ஒரே ஒரு தாய்ப்பன்றி மட்டும் பிழைத்து எழுந்தது.

அன்றிலிருந்து அதற்கு ராஜ மரியாதை. அது எப்படிப் பிழைத்தது என்று பார்க்க, கால்நடை ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் வாரம் தவறாமல் வந்து, ரத்தம் எடுத்து, முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு பன்றிக்கும் நோய் வராமல் காப்பாற்றியவளை ஏனென்று கேட்க நாதியில்லை. பெரிய அண்ணி கொதித்துப்போனாள். அதில் நியாயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன அண்ணி கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டி வந்ததும், "உன் பன்னி கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்மா" என்று பெரியவள் தேனாகப் பேசினாள்.

சின்ன அண்ணி பன்றியைக் கொண்டுவந்து விட்ட அன்று, டாக்டர் வாசலிலேயே பெரியவளிடம் சொன்னார்: "தனியா வைங்கம்மா. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நோயை எதிர்க்கிற அணுக்களை வைரஸ் ஒரு கை பார்த்துட்டுப் போயிருக்கு. எண்ணிக்கை திரும்பிடுச்சு, வேகம் திரும்பல. சாதாரண இருமலே இதைச் சாய்ச்சிடும்."

"செத்துப் பிழைச்சதுக்கு இருமல் எம்மாத்திரம்?" என்று அண்ணி என்னிடம் முணுமுணுத்தாள். தனி அறையில் வைத்தால் டாக்டர் அங்கேயே ஊசி குத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். தன் பன்றிகளுக்கு நடுவே விட்டால் அவற்றையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? விட்டாள். "வேண்டாம் அண்ணி" என்றேன். "உனக்கும் அவதான் ஒசத்தி" என்று என் வாயை அடைத்தாள்.

அவளுடைய பன்றிகள் லேசாக இருமிக்கொண்டே கொழுகொழுவென்று திரிந்தன. சின்ன அண்ணியின் பன்றி மட்டும் இருமிப் படுத்தது, பிறகு எழவேயில்லை.

டாக்டர் வந்தபோது சின்ன அண்ணி செத்த பன்றியின் காதைத் தடவித் தேம்பிக்கொண்டிருந்தாள். பெரிய அண்ணன்கூட, "நீ என்னம்மா பண்ணுவே" என்று அவளைத்தான் தேற்றினார். பெரிய அண்ணிக்கு அப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. வாளியை நங்கென்று வைத்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அவளுடைய பன்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுங்கள்ல எது முதல்ல இருமிச்சும்மா?"

சின்ன அண்ணியின் அழுகை நின்றது.

"தனியா வைக்கலியாக்கா?"