அரபி வீட்டு மாடல்

என் கணவர் வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். அங்கே ஓட்டியது ஜீப்பைப் போல உயரமான, தோல் இருக்கை போட்ட சொகுசு வண்டி. வாலிப காலம் முழுக்க அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வேலையை விட்டு லெப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிய வருடம், அதே மாடல் ஒன்று சென்னையில் செகண்ட் ஹேண்டாக விலைக்கு வந்தது. புது விலையில் கால்வாசிதான்.

"இந்த வண்டி எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார்.

ஓட்டத் தெரியும்தான். ஆனால் அங்கே பழுது வந்தால் கம்பெனி ஆள் வந்து எடுத்துப் போவான், சரியாக்கிக் கொண்டுவந்து விடுவான். என்ன செலவானது என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை.

வண்டி வந்த அன்று முதலில் மாமனாரைத்தான் பின்னால் உட்கார வைத்தார். மாமனார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். வாலிகண்டபுரம் வரை போய் வந்தோம். வழியெல்லாம் அவர் இருக்கையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, வண்டியின் முன்பக்கம் தரையோடு படிந்து கிடந்தது, ஒட்டகம் முன்னங்காலை மடக்கியது போல. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றடைத்த ரப்பர் பைகளாம், அவை கிழிந்துவிட்டன. திருச்சி ஒர்க்ஷாப்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வண்டிதாங்க பழசு. சாமான் வெலை புது வண்டியோடது."

மாடியில் ஒரு ரூம் கட்ட வைத்திருந்த பணம் அதற்குப் போனது.

அடுத்த கோடையில், அரியலூரில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கியர் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போயின. இவர் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி.

பின்னால் உட்கார்ந்திருந்த மாமனார் கதவைத் திறந்து இறங்கினார். "வுடுப்பா. பஸ்ஸு வருது பாரு, ஏறிக்கிடுவோம்."

"மன்னிச்சுக்கங்கத்தா" என்றார் இவர் தன் தகப்பனாரிடம்.

"எதுக்கு? நீ ஓட்டி நான் ஒக்காந்தேன்ல. போதும்ப்பா."

வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்ஷாப்பில் விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமானுக்காக அது அங்கேயே கிடந்தது. அந்த நாட்களில்தான் மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்னக் காரை எடுத்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரை இவர் பின்னால் உட்கார்ந்து, அத்தாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் மாமனார் மவுத்தாகிவிட்டார்.

அடக்கம், சடங்கெல்லாம் முடிந்த பிறகு, சாமான் வந்துவிட்டதாக ஒர்க்ஷாப்பிலிருந்து போன் வந்தது.

"மாட்ட வேணாங்க. வர்ற வெலைக்கு வண்டியக் குடுத்துடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இவர்.

நான் கேட்டேன்: "அந்த நேரத்துல நம்ம வண்டி ஒதவலையேன்னு இருக்கா மச்சான்?"

"நம்ம வண்டியா இருந்தா நான்தான ஓட்டியிருப்பேன்? அத்தாவ மடியில வெச்சிருக்க முடியுமா?" என்றவர், அதற்குப் பிறகு அழுதார்.

இப்போது பழைய மினி லாரி ஒன்றில் ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றி வருகிறார். அதுவும் செலவு வைக்கிறது. ஆனால் பெரம்பலூரிலேயே சாமான் கிடைத்துவிடுகிறது.