ராக் நாடகத்தில் ஓர் ஆமென்

எனக்குக் கொஞ்சம் பெரிய குரல். திருமுடிவாக்கத்தில் லேத் மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தியே வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபமோ பாட்டோ முடிந்தால் முதல் ஆமென் என் வாயிலிருந்துதான் வரும். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

போன டிசம்பரில் மகளின் காலேஜில் ஒரு பாட்டு நாடகம். உலகமே கொண்டாடிய ஒரு ராக் பேண்டின் கதை. நண்பர்கள் சேர்ந்து, புகழ் வந்து, அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். பாடகன் வேடம் என் மகளுக்கு. அதற்காக அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தது தனிக்கதை.

பிரிகிற காட்சியில் வாத்தியமே இல்லாமல் ஒரு பாட்டு. முடிந்ததும் மேடையில் யாரும் பேச மாட்டார்கள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அந்த இடத்தில் எங்கள் பொழிச்சலூருக்கு மேலே விமானம் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"பாட்டு ஈஸிப்பா. அப்புறம் வர்ற சைலன்ஸ்தான் கஷ்டம். அது மட்டும் சரியா நின்னுட்டா போதும், மத்ததெல்லாம் சொதப்பினாகூடப் பரவாயில்ல" என்பாள்.

நாடகத்தன்று தாம்பரத்தில் காலேஜ் ஹால் நிறைந்திருந்தது. அவள் பாடினாள். இந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு துக்கம் எங்கிருந்து வந்தது என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் வினை. கண் மூடியிருக்கிறது, பாட்டு முடிந்திருக்கிறது. வாய் பழக்கப்பட்ட வேலையைச் செய்துவிட்டது.

"ஆமென்!"

மெஷின் ஷாப் குரலில். ஹாலே சிரித்தது. எவனோ பின்னாலிருந்து "அல்லேலூயா" என்று எடுத்துக்கொடுத்தான். அவள் அசையாமல் நின்று சமாளிக்கப் பார்த்தாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாடகம் முடிந்து வாசலில் நின்றேன். மகளும், டிரம்ஸ் வாசித்த அவள் தோழியும் வந்தார்கள். தோழி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எவன்டி அது ஆமென் போட்டது? மொத்த சீனும் காலி. அங்கிள், நீங்க முன்னாடிதானே உக்காந்திருந்தீங்க, பாத்தீங்களா?"

"இல்லம்மா, பின்னாடி யாரோ" என்றேன். அவள் விடாமல் பார்க்கவே, "யாரோ சர்ச்சுக்காரங்க போல" என்றும் சேர்த்துக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அப்படிப் பார்க்கவில்லை.

"எங்கப்பாதான்டி அது. பாட்டு மனசுல பட்டா அவர் அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள், ஊரிலிருக்கும் யாரையோ பற்றிச் சொல்வதுபோல, சாதாரணமாக.

தோழி பதறிப்போய் "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்றாள். சாரி கேட்க வேண்டியவன் நான். மகளிடம் அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.