வெளியே போன குஞ்சு

எங்கள் டாக்டரம்மாவை வண்டி ஓட்டும் அண்ணன் கன்னத்தில் அறைந்ததை நான் நேரில் பார்த்தேன். நல்ல உச்சி வெயில். குஞ்சுப் பொரிப்பகத்தின் வெளிக்கதவுக்கு முன்னால், சாலையோரத்தில், பெட்டி அடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது நடந்தது. அறைந்தவரின் மண்டை பிளந்து, காக்கிச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி தெறித்துப்போய் மண்ணில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார், சேலைத் தலைப்பில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். “இன்னொண்ணு வேணும்னாலும் அடிச்சுக்குங்கண்ணா. கதவு தொறக்காதுங்க” என்றார்.

அது பல்லடத்துப் பக்கம் இருந்த கறிக்கோழிப் பொரிப்பகம். மெஷினுக்குள் வைத்த முட்டை மூன்று வாரத்தில் குஞ்சாகிவிடும். வந்த குஞ்சை அன்றைக்கே ஏதாவது ஒரு பண்ணையில் இறக்கியாக வேண்டும். எந்தப் பொரிப்பு எந்தக் கொட்டாய்க்குப் போகும் என்று முடிச்சுப் போடுவதுதான் என் வேலை. காலையிலிருந்து பண்ணைக்காரர்களுக்கு ஃபோன் போட்டு, பழைய கோழியை விற்று ஏற்றியாயிற்றா, கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா, தேங்காய் நார்த்தூள் விரித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கல்யாணத் தரகர்கூட அத்தனை பொய் கேட்டிருக்க மாட்டார். “எல்லாம் ரெடிங்க அம்மணி, கொட்டாய் பளிங்காட்டம் கெடக்குது” என்பார்கள். பின்னால் பழைய கோழிகள் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

டாக்டரம்மா கால்நடை மருத்துவர். பொரிப்பகம் முழுக்க அவர் பொறுப்பு. ஆள் குட்டை, குரல் மட்டும் மூன்று மெஷின் சத்தத்தைத் தாண்டி வரும். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் பெரிது. வெளியே போன குஞ்சு திரும்ப உள்ளே வரக் கூடாது. பண்ணையின் மண் பட்ட டயர், பண்ணையின் காற்றுப் பட்ட பெட்டி, எதுவும் வரக் கூடாது. உள்ளே லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது, ஒரு செருப்பில் ஒட்டிவரும் கிருமி போதும், அத்தனையும் போய்விடும் என்பார். பண்ணையைப் பார்த்துவிட்டு நேராக வந்த முதலாளியையே கதவருகில் நிறுத்தி, ஊட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டு வாங்க என்று அனுப்பியவர். நாங்கள் அவருக்குப் பயந்தோம். அவரைப் பின்னால் கேலியும் செய்தோம், அது வேறு விஷயம்.

அந்த அம்மாவுக்கும் ஒரு பயம் இருந்தது. அதற்கு முன் ஒரு வருடம், இறக்க இடமில்லை என்று குஞ்சுகளை உயிரோடு குழியில் கொட்டி மூடச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்ததாம். மூடிய மண் வெகுநேரம் அசைந்துகொண்டே இருந்ததாம். “இன்னொருக்கா அப்பிடிப் பண்ணச் சொன்னாங்கன்னா, நா மனுசியா இருக்க மாட்டேன் கண்ணு” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.  ஒரு பொரிப்பையும் சாகவிடக் கூடாது என்று அவர் மல்லுக்கட்டியதெல்லாம் அதனால்தான்.

அந்தக் கோடையில் மறுபடியும் அதே நிலைமை வந்தது. மலையாளத்துப் பக்கம் கோழிக்கு நோய் என்று செய்தி பரவியது. வாளையாறு எல்லைச் சாவடியைத் தாண்டி ஒரு கோழி வண்டிகூடப் போகவில்லை. கொட்டாய்களில் முற்றிய கோழிகள் விலைபோகாமல் நின்றன, சில இடங்களில் சாகவும் தொடங்கின. ஆனால் முட்டைக்குச் செய்தித்தாள் படிக்கத் தெரியாதே. மெஷினுக்குள் வைத்தவை அதனதன் நாளில் உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. டாக்டரம்மா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தானே ஃபோன் போட்டுப் பண்ணைக்காரர்களிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு காலைதான்.

கடைசியில் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் சம்மதித்தார். அவர் கொட்டாயிலும் பழைய கோழி பாதி நின்றது. நடுவில் சாக்குப் படுதா கட்டி, இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் குஞ்சு என்று வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இடமில்லாத நேரத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. சாக்குப் படுதா கோழியைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. வேறு நாளாக இருந்தால் அம்மா அவரைப் பிடித்து உலுக்கியிருப்பார். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, “செரீங்க, அனுப்பறேன்” என்றார்.

வண்டி அண்ணன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். பேச்சுக் குறைந்த மனிதர். குஞ்சு ஏற்றிய வண்டியில் பாட்டுக்கூடப் போடமாட்டார், குஞ்சு மிரளும் என்பார். முற்பகலில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. பண்ணை வாசலிலேயே பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மறித்துவிட்டார்கள். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்போலும், நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். “நிக்கற கோழியே செத்துட்டிருக்குது, புதுசா எதுக்குங்க கொண்டாறீங்க? தள்ளி நில்லுங்க, இல்லீன்னா மண்டையப் பொளந்துபோடுவோம்” என்றது ஒரு குரல். எங்கள் ஊரில் மண்டையைப் பிளக்கும் முன்பும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். அப்புறம் பெட்டிகள் விழும் சத்தம். மிதிபடும் குஞ்சுகளின் சத்தம். “மிதிக்காதீங்க, குஞ்சுங்க, மிதிக்காதீங்க” என்று அண்ணன் கத்தினார். ஏதோ கட்டை எலும்பில் படும் சத்தம் வந்தது. டாக்டரம்மா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். 

பெட்டிகளின் மேலே கவிழ்ந்து படுத்துத்தான் அவர் மிச்சக் குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்கிறார். மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார்கள். பிளந்த மண்டையுடனேயே, பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகளை மறுபடி ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கதவின் முன்னால் நிறுத்தினார். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாமல் இல்லை. இவ்வளவு அடி வாங்கிக் கொண்டுவந்தால் திறப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். நானும் நம்பினேன். டாக்டரம்மா சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, டயரில் அப்பியிருந்த பண்ணை மண்ணைப் பார்த்தார். “அங்க கோழி செத்துட்டிருந்துச்சுங்களா?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா வண்டியின் காற்றுத் துளைகளைச் சாத்தக் கையை நீட்டினார். அப்போதுதான் அறை விழுந்தது.

அதற்குப் பிறகும் டாக்டரம்மா நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து மதிலுக்கு மேலாகக் கரியமில வாயு உருளையை வாங்கி, வண்டியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடி, குழாயை உள்ளே செருகியதெல்லாம் அவரேதான். யாரையும் தொடவிடவில்லை. குழியில் உயிரோடு போகக் கூடாது, அது ஒன்றுதான் அவரால் முடிந்தது. உள்ளேயிருந்து வந்த சத்தம் முதலில் கூடியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அண்ணன் சாலையோரத்தில் உட்கார்ந்து, இரத்தம் வழியும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அந்த நேரத்தில் டாக்டரம்மாவை நான் மனதார வெறுத்தேன்.

இப்போது கோவை சரவணம்பட்டியில் வேறொரு அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். என் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோழி வறுவல் கேட்கிறார்கள். செய்து போடுகிறேன், நானும் சாப்பிடுகிறேன். பாவம் புண்ணியம் பேசுகிற யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அந்த அம்மாவை வெறுக்க மட்டும் என்னால் முடியவில்லை. அறைபட்ட மறுநாள் நடந்ததையும் பார்த்தவள் நான்.

மறுநாள் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். மெஷினுக்குள் இருப்பதும் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றார்கள். எந்த முட்டைகளுக்காக அவர் கதவைத் திறக்காமல் நின்றாரோ, அதே முட்டைகள். அவற்றில் பல அதற்குள் விரிசல் விட்டிருந்தன, ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் பேசிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா ஃபோனில் கத்தினார், வேலையை விட்டுப் போகிறேன் என்றார், போங்கள் என்றுதான் பதில் வந்தது. தான் போய்விட்டால் மெஷினை அணைத்துவிட்டு மூச்சுமுட்டிச் சாகவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் இருந்தார். ஓடுகளையும் நலிந்த குஞ்சுகளையும் போட்டு அரைக்கிற இயந்திரத்தின் முன்னால் நின்று, நொடியில் முடிந்துபோகட்டும் என்று தட்டுத் தட்டாகக் கவிழ்த்தார். கூழ் முழங்கைவரை தெறித்தது. முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

அரைத்ததைக் கொண்டுபோக வண்டி வேண்டியிருந்தது. வேறு ஓட்டுநர் யாரும் வரவில்லை, தலையில் கட்டோடு அந்த அண்ணன்தான் வந்தார். “வண்டிய நேரா உள்ள கொண்டாந்துருங்கண்ணா. இனி எது வந்தாலும் ஒண்ணுமில்லீங்க” என்றார் அம்மா. வாட்ச்மேன் பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துவைத்தார். அண்ணன் வண்டியை வெளியிலேயே நிறுத்தினார். குழாயை எடுத்து டயர்களைப் பொறுமையாகக் கழுவினார். செருப்பைக் கழற்றிவிட்டு, மருந்துத் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

“எதுக்குண்ணா இதெல்லாம்? எல்லாம் முடிஞ்சுபோச்சுங்களே” என்றார் டாக்டரம்மா.

அண்ணன் சுவரோரம் அடுக்கியிருந்த மீதித் தட்டுகளைக் காட்டினார். “அதுக்குள்ள இன்னும் சத்தம் கேக்குதுங்களே அம்மணி.”

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.  பிறகு மீதித் தட்டுகளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அரைக்கிற இயந்திரத்துக்குத் தூக்கிப் போனார்கள்.