வானிலை அக்காவின் பச்சைக் கட்டம்

மீன்பிடித் துறைமுகத்து வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் வானிலை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரரே திருதிருவென்று விழிப்பார். உண்மையில் வானத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மழை வருமா என்று கேட்டால் அவளும் நம்மைப் போல ஜன்னலைத் திறந்துதான் பார்ப்பாள்.

கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டு, துறைமுகத்துக்கென்று ஓர் இணையப் பக்கம் தொடங்கியிருந்தாள். மீன் விலை, டீசல் விலை, பழைய எஞ்சின் விற்பனைக்கு என்று என்னென்னவோ போட்டாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வானிலை அலுவலகம் தன் தளத்தில் போடும் கடல் எச்சரிக்கையை, தன் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் தெரியும்படி வைத்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். எழுதுவது அவர்கள், காட்டுவது இவள். அவர்கள் அங்கே மாற்றினால் இங்கேயும் மாறிவிடும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கரையிலேயே இரு.

அதோடு விட்டிருக்கலாம். கட்டத்தின் உச்சியில் அலுவலகத்தின் பெயரும் தேதியும் ஒரு பட்டையாகத் தெரிந்தது அவள் கண்ணை உறுத்தியது. நம் வீட்டு வாசலில் அடுத்தவன் பெயர்ப்பலகை எதற்கு? உள்ளே இருந்த பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டாள். பட்டை விளிம்புக்கு மேலே போய் மறைந்துகொண்டது. இப்போது பார்த்தால் எல்லாம் அவளே கணித்துச் சொல்வது போலிருந்தது. படகுக்காரர்கள் அப்படியே நம்பிப் பட்டமும் கொடுத்தார்கள். அவள் மறுக்கவில்லை. ஓசியில் வந்த பெருமையை வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்?

அன்று மதியம் வயர்லெஸ்காரர் கடைக்குள் ஓடிவந்தார். துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து கடலில் இருக்கும் படகுகளோடு பேசுகிறவர் அவர். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“கடலுக்குப் போன உங்க தம்பி சொன்னா கேக்க மாட்டேங்குறான்மா. பெரிய காத்து வருதாம். காலையிலேயே சிவப்பு போட்டுட்டாங்களாம், இப்பதான் எனக்குப் போன் வந்துச்சு. திரும்புடான்னா சிரிக்கிறான். அவனைப் பாத்துட்டு மத்த படகும் திரும்பல.”

“சிவப்பா?”

அவள் கணினியைப் பார்த்தாள். பச்சை. பச்சைப்பசேல் என்று பச்சை. கட்டத்துக்கு வெளியே, அலுவலகத்தின் பக்கத்தை நேராகத் திறந்தாள். அவள் மறைத்த பட்டை முழுசாக வந்து நின்றது. அதில் போன வாரத்துத் தேதி. அதே பட்டையில் தேதிக்குக் கீழே, ‘இந்தப் பக்கம் இனி புதுப்பிக்கப்படாது. எங்கள் புதிய முகவரிக்குச் செல்லவும்.’ புதிய முகவரியைத் திறந்தாள். கடல் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வயர்லெஸ்காரருக்கு முன்னால் ஓடினாள்.

வயர்லெஸ் அறையில் தம்பியின் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. “சும்மா பயமுறுத்தாதீங்கண்ணே. கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கு. எங்க அக்கா பக்கத்தைப் பாத்துட்டுத்தான் கிளம்புனேன்.”

அவள் மைக்கைப் பிடுங்கினாள். “டேய், நான்தான். உடனே திரும்பி வா.”

“நீயா? போன தடவை அம்மாவுக்கு முடியலன்னு பொய் சொல்லி வரவெச்சவதானே! நீ பயந்தாங்கொள்ளி. உன் பேச்சை நம்ப மாட்டேன், உன் பக்கத்தைத்தான் நம்புவேன். பச்சைன்னு போட்டிருக்க இல்ல?”

கடலில் இருக்கும் அத்தனை படகும் இதைக் கேட்கிறது. கரையில் டீக்கடை வயர்லெஸ் பெட்டியிலும் இதே பேச்சுத்தான் ஓடும். வயர்லெஸ்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொடிக்கயிறு கம்பத்தில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

“அது நான் போட்டது இல்லடா,” என்றாள். “எதுவுமே நான் போட்டது இல்ல. வானிலை ஆபீஸ் பக்கத்தை எடுத்து உள்ள வெச்சிருந்தேன். என்னுதுன்னு தெரியணும்னு அவங்க பேரை மறைச்சேன். தேதியும் அதோட சேந்து மறைஞ்சுபோச்சு. நீ பாத்தது போன வாரத்துப் பச்சைடா.”

பெட்டி இரைந்தது. முதலில் வந்தது தம்பியின் குரல் இல்லை, வேறு யாரோ ஒரு வயசான படகுக்காரர். “அப்ப இத்தனை நாளா எங்களுக்கு நீ எதுவும் கணிச்சுச் சொல்லலியா தாயி?”

“இல்லண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அப்புறம் தம்பி, யாரிடமோ சொல்வது போல, “வலையை ஏத்துங்கடா” என்றான்.

கடைசிப் படகு உள்ளே நுழையும்போது ஐஸ் கம்பெனியின் தகரக் கூரை பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. அவள் மழையில் தொப்பலாக நனைந்தபடி படகுத்துறையில் நின்றாள். தம்பி குதித்து இறங்கினான். கயிற்றைக் கட்டினான். ஆட்களை அனுப்பினான். அவளைத் தாண்டிப் போகும்போது தலையைக்கூடத் திருப்பவில்லை.

போகட்டும். உயிரோடு, தன் காலால் நடந்துதானே போகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.