நடுத்துண்டு

புதுப் புத்தகம் வந்தால் ஷரீஃபா முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பார். மேசையில் கவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்துவார். எங்கெங்கே அத்தியாயம் முடிகிறது என்று புரட்டிப் பார்ப்பார். பிறகு தோல் வெட்டும் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. சரித்திரமானாலும் சரி, காட்டு யானையானாலும் சரி, மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் மிச்சத் தோலில் ஓர் அட்டை தைத்து, பிடித்து இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். கைப்பைகளின் பிடியையும் அவர் அப்படி இழுத்துப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்.

திண்டுக்கல் பேகம்பூரில் அவர் வீட்டு முன்னறைதான் பை தைக்கும் பட்டறை. கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். கருப்பம்மாள் கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஜெஸ்ஸிக்குப் பக்கத்துத் தெரு. புத்தகத்தை இப்படி வெட்டலாமா என்று கேட்டால் ஷரீஃபாவுக்குக் கோபமே வராது. "முழுசா ஒருத்தி வச்சுக்கிட்டா மத்த ரெண்டு பேரும் அவ வாயையா பாத்துக்கிட்டு இருக்கறது?" என்பார்.

பை உருக்குலையாமல் இருக்க உள்ளே பழைய தாளைக் கசக்கித் திணிப்பது வழக்கம். ஊரடங்கில் வேலை ஓடாத ஒரு நாள், திணிக்க வைத்திருந்த தாளொன்றை ஷரீஃபா நீவிப் படித்திருக்கிறார். பஞ்ச காலத்தில் உப்பு ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்று மலையடிவாரத்தில் வந்து நிற்கிறது. அத்தோடு தாள் முடிந்துவிட்டது. மற்ற தாள்களெல்லாம் பைகளுக்குள் போய் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டன. அன்று பிடித்ததுதான் இந்தப் படிப்புப் பசி. ஆனால் கதைப் புத்தகம் பக்கம் இன்றுவரை அவர் போகவில்லை.

"கதைன்னா எழுதுறவரு நெனச்சா வண்டிய மேல ஏத்திருவாரு சார். இது நெசமா நடந்தது. அது ஏறுச்சா, அங்கனயே நின்னுபோச்சான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல" என்றார் என்னிடம்.

மத்தியானச் சாப்பாடுதான் அவர்களுக்குக் கருத்தரங்கு. எந்தப் புத்தகமானாலும், எழுதியவர் கண்ணுக்கு அல்லா நல்ல பார்வையைக் கொடுக்கட்டும் என்று முதலில் நன்றி சொல்லிவிடுவார் ஷரீஃபா. குறை அதற்குப் பிறகு வரும். ஆத்தூர் அணைப் பக்கத்துப் பறவைகள் பற்றிய புத்தகத்தில் ஒவ்வொரு பறவையின் நீளத்தையும் போட்டவர், அது எப்படிக் கத்தும் என்று எழுதவில்லையே என்று ஜெஸ்ஸிக்கு வருத்தம். ஒரு பாளையக்காரர் வரலாற்றில் அவருக்குக் கிடைத்தது கடைசித் துண்டு. முதல் பக்கத்திலேயே பாளையக்காரர் செத்துப்போனார். முதல் துண்டு வைத்திருந்த ஷரீஃபா அந்த மனிதர் கட்டிய கண்மாயைப் பற்றித் தினமும் பூரித்துப் பேச, அவர் செத்த சேதியை மூச்சு விடாமல் ஜெஸ்ஸி கேட்டுக்கொண்டிருந்தார்.

கருப்பம்மாளுக்கு எப்போதும் நடுத்துண்டு வேண்டும், மீன் வாங்குகிற மாதிரி. "மொதல்ல முன்னுரை, நன்றின்னு கெடக்கு. கடைசியில குறிப்பு, அட்டவணைன்னு கெடக்கு. சங்கதி பூராம் நடுவுலதானக்கா இருக்கு" என்பார்.

நத்தம் பக்கத்துப் புளியந்தோப்புகளைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதினேன். வந்த சுவடே தெரியாமல் போனது அது. அதில் இருந்த எண்ணைப் பார்த்து என்னை அழைத்த ஒரே வாசகர் ஷரீஃபாதான். "உங்க புத்தகத்த மூணா வெட்டிட்டோம் சார், ரொம்ப நல்லாருக்கு" என்று ஆரம்பித்தார். மகிழ்வதா நோவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கும் துஆ செய்துவிட்டு, மரத்தைப் பற்றி நிமிர்ந்து எழுதுகிற நான், வெள்ளைக்காரத் துரை வந்ததும் கைகட்டி நிற்கிறேன் என்றார். எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் நின்றிருந்தேன்.

போன மாதம் அவரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. என் புத்தகத்தின் நடுத்துண்டைக் கருப்பம்மாள் பஸ்ஸில் தவறவிட்டுவிட்டார். கண்டக்டரிடம் கேட்டு, டிப்போவுக்கும் போய் விசாரித்தும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் புத்தகத்தைத் தொடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியோடு கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். முதல் துண்டை நீட்டினால், தன்னால் மற்றவர்கள் படிப்பதும் கெட்டது போதும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாராம். ஜெஸ்ஸியும் கடைசித் துண்டை மூடி வைத்துவிட்டார்.

"புத்தகம் போனாப் போகுது சார். கருப்பு எங்கள விட்டுப் போயிருவா போலருக்கு" என்றார் ஷரீஃபா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

கடையில் பிரதி இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். கருப்பம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

ஷரீஃபா என் புத்தகத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். முதல் துண்டின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. இன்னொரு இடத்திலும் இறங்கியது. நடுவை மட்டும் தனியே எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் இருந்ததைச் சேர்த்து மெழுகு நூலால் பத்திரமாகக் கட்டி என்னிடமே திருப்பித் தந்தார்.

"இத நீங்க வச்சுக்கங்க சார். எங்களுக்கு நடுவுதான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. நான் எழுதிய நடுப்பக்கங்கள் இல்லாமல் ஒரு வீட்டில் சோறு இறங்கவில்லை என்பதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நூல் கட்டிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷரீஃபா அந்தத் துண்டுக்கு அட்டை தைத்தார். இந்தத் தடவை ஒரு தோல் வாரும் சேர்த்துத் தைத்தார், வளையமாக. எழுந்து போய்க் கருப்பம்மாளின் இடது கையைப் பிடித்து, கண்ணாடி வளையல்களுக்கு மேலே அந்த வாரை மாட்டினார். கருப்பம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஷரீஃபா வாரைப் பிடித்து இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்.